வன்னியில் இருந்து கலாநிதிப் பட்டம் செய்கிறீர்களா? ஆய்வு நடக்கும்போதே வேலைக்கும் வழி செய்யுங்கள்

வன்னிக்குள் பல்கலைக்கழகம் இல்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்களோடு தொடங்கியது. ஆனால் வரலாறு, சமூகவியல், தமிழ், புவியியல், அரசறிவியல் என்று கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்த எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணம் திருநெல்வேலிக்கோ பேராதனைக்கோ கொழும்புக்கோதான் போய்வர வேண்டும். பலர் ஆசிரியர்கள், பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். மேற்பார்வையாளரை மாதத்தில் ஒருதரம் நேரில் பார்ப்பதே பெரிய காரியம். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. நான் பார்த்தவரை அங்கே நடப்பதெல்லாம் இளமாணி மாணவருக்கான பயிற்சிகள்தான். முப்பத்தைந்து வயதில், பிள்ளையையும் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கும் ஒருவருக்கு அங்கே சொல்லித்தர அதிகம் இல்லை.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம். சமூகவியலில் ஆய்வு செய்தேன். ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்துவிட்டேன். ஒப்படைத்த அடுத்த கிழமை கையில் இருந்தது கனமான ஒரு ஆய்வேடும், ஆறு வருடத்துக்கு முன் எழுதிய ஒரு பக்கச் சீவியும் (CV, தன்விவரக் குறிப்பு)தான். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் வேலை தேடினேன். அந்தப் பதினான்கு மாதத்தில் செய்தவற்றில் பாதியை ஆய்வின் இரண்டாம் வருடத்திலேயே செய்திருக்கலாம். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகத் தந்திருக்கிறேன், ஆனால் நீங்கள் எந்த வருடத்தில் நிற்கிறீர்களோ அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

முதல் படி: செய்த வேலையை எழுதிவையுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் நிரலில் ஆய்வுக்காக இந்த மாதம் என்ன செய்தீர்கள், இரண்டாவதில் அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டியிருந்தது, மூன்றாவதில் அதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது. மாதக் கடைசியில் அரைமணி நேரம் போதும்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி நுண்கடனில் சிக்கிய பெண்கள் பற்றி ஆய்வு செய்கிறாள். "அக்கா, நான் நேர்காணல் மட்டும்தானே செய்தேன், எழுத என்ன இருக்கு?" என்று கேட்டாள். சரி, அந்த நேர்காணலுக்குள் என்ன இருந்தது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். சம்மதப் படிவத்தை எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் விளங்கும்படி பேச்சுத் தமிழில் மாற்றியிருக்கிறாள். கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் பேசி ஊருக்குள் போக வழி எடுத்திருக்கிறாள். பிரதேச செயலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, 14 வேலை நாள் கணக்கு வைத்துப் பின்தொடர்ந்து, பதிலை வாங்கியிருக்கிறாள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி, பெயர்களை நீக்கி, குறியீட்டு இலக்கம் போட்டு, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்திருக்கிறாள். மோட்டார் சைக்கிள் பெற்றோல் செலவையும் எழுதி வைத்திருக்கிறாள். இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலை. அன்று அவள் கொப்பியில் பதினொரு வரி எழுதினாள்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் போனதும் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று தெரியும். 2009ஐப் பற்றி எப்போது பேசலாம், எப்போது பேச்சை விட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும் என்று தெரியும். இதை வெளியில் இருந்து வரும் ஆய்வாளர்கள் வருடக்கணக்காகப் பழகிக்கொள்கிறார்கள். கொப்பியில் அதையும் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: எங்கெங்கே வேலை இருக்கிறது என்று விசாரியுங்கள்

"படிச்சு முடிச்சு கம்பஸில விரிவுரையாளர்." வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது இது ஒன்றைத்தான். அந்தக் கதவு உண்மையில் எப்படித் திறக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரச பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆட்சேர்ப்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளின்படி நடக்கிறது. 1997இன் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன, எடுத்து வாசியுங்கள். கலாநிதிப் பட்டம் இருந்தாலும் இளமாணிப் பட்டத்தில் எந்த வகுப்பு, சிறப்புக் கற்கையா பொதுக் கற்கையா என்பதைப் பார்ப்பார்கள். உங்கள் இளமாணிப் பெறுபேறு அந்த நிபந்தனைக்குள் வராவிட்டால் அதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஏழாம் வருடத்தில் விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது மிகவும் நோகும். நான் அப்படித் தெரிந்துகொண்ட ஒருவரோடு பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

நிபந்தனைக்குள் வருகிறவர்கள் வெற்றிடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தற்காலிக உதவி விரிவுரையாளர், வருகைதரு விரிவுரையாளர் என்ற அனுபவம் நேர்முகத்தில் பேசும். யாழ்ப்பாணத்தில் மட்டும் தேடாதீர்கள். வவுனியாவில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடத்துக்கும் தொடர்பாடல், சமூகவியல் போன்ற சில பாடங்களுக்கு ஆள் தேவைப்படலாம். துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கேட்பதால் ஒன்றும் குறையாது.

கல்வித் துறைக்குள்ளேயே வேறு பாதைகள் இருக்கின்றன. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் கற்பிக்க ஆசிரியர் கல்வியியலாளர் சேவை, வலயக் கல்வி அலுவலகங்களுக்குக் கல்வி நிர்வாக சேவை, மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம். ஏற்கனவே ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு இது கிட்டிய வழி. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லை உண்டு. அரச சேவையில் இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை என்று தனி வழியும் உண்டு. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்குங்கள்.

கொழும்பு ஆய்வு நிறுவனங்களை எங்கள் ஆட்கள் ஏனோ தூரத்தில் வைத்தே பார்க்கிறார்கள். சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1977இல் தொடங்கியது, இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 1982இல். கமத்தொழில், குளம், நிலம் என்று ஆய்வு செய்கிறவர்களுக்கு ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் இருக்கிறது. இரணைமடுத் தண்ணீர், முத்தையன்கட்டு வாய்க்கால், மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் காணி உறுதி என்று நீங்கள் எழுதுவது அவர்களுக்கும் தேவையான விஷயம். ஆனால் நீங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கருத்தரங்கு அறிவிப்பு வந்தால் போங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். முடிந்ததும் பெயரும் தலைப்பும் சொல்லி அறிமுகமாகுங்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஆவணப்படுத்தல் துறை. நூலகம் நிறுவனம் 2005 முதல் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. பிரித்தானிய நூலகத்தின் அருகும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் உலகம் முழுவதும் பழைய ஆவணங்களைப் படமெடுக்க மானியம் தருகிறது. இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்திலும் அதுபோல ஒரு திட்டம் உண்டு. வன்னியில் 2008, 2009 இடப்பெயர்வில் எவ்வளவு போனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தப்பியவை இருக்கின்றன. ஒரு வீட்டில் கோயில் கணக்குக் கொப்பி, இன்னொரு வீட்டில் பொலித்தீனில் சுற்றிய காணி அனுமதிப்பத்திரங்கள், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரிடம் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகம். யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர், வீட்டுக்காரர் நம்பிக் கொடுக்கக்கூடியவர், களத்தில் மூன்று வருடம் திரிந்த நீங்கள்தான். மானிய விண்ணப்பம் எழுதப் பழகினால் இதை ஒரு தொழிலாகவே செய்யலாம்.

மொழிபெயர்ப்பு, மதிப்பீட்டு ஆலோசனை, தொண்டு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு என்பவையும் இருக்கின்றன. அவற்றில் ஒரு விஷயத்தைப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: மேற்பார்வையாளரிடம் வாய் திறந்து கேளுங்கள்

சேர் தானாகச் சொல்லுவார் என்று காத்திருக்காதீர்கள். ஒருவர் எட்டுப் பேரைப் பார்க்கிறார், உங்கள் மனதில் இருப்பது அவருக்குத் தெரியாது. "சேர், என்ர எதிர்காலத்துக்கு ஏதாவது உதவி செய்யுங்கோ" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சேர், நாலாம் அத்தியாயத்தில் இருந்து ஒரு கட்டுரை எழுத நினைக்கிறேன். மார்ச் கடைசிக்குள் முதல் பிரதி தருகிறேன். எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பலாம் என்று அப்போது பதினைந்து நிமிடம் பேசலாமா?" இதற்கு ஓம் என்று சொல்லாத ஆசிரியரை நான் இன்னும் காணவில்லை.

வருடத்தில் ஒரு சந்திப்பையாவது ஆய்வேட்டைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றி மட்டும் பேச ஒதுக்குங்கள். சீ.ஆர். கொப்பியைக் கொண்டுபோங்கள். பேசி முடித்த அன்றிரவே ஐந்து வரி மின்னஞ்சலில் என்ன பேசினோம் என்று எழுதி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இருவருக்கும் அதுதான் ஞாபகம்.

மேற்பார்வையாளரைத் தவிர இன்னும் ஒரு மூத்தவரைத் தேடிக்கொள்ளுங்கள். வேறு துறை, வேறு ஊர் என்றாலும் பரவாயில்லை. சிபாரிசுக் கடிதம் மூன்று பேரிடம் கேட்பார்கள். கேட்கும்போது ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள், உங்களைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நாளை முடிவுத் திகதி என்று இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் கேட்டால் வருவது நாலு வரிக் கடிதம்தான்.

இதை வாசிக்கும் மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தூரத்தில் இருந்து வரும் மாணவரின் சந்திப்பைக் கடைசி நிமிடத்தில் தள்ளிப்போடாதீர்கள். முல்லைத்தீவில் இருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டவருக்கு அந்த நாள் முழுவதும் போய்விடும். அன்றைய சம்பளமில்லா லீவும் போய்விடும். அரை மணி நேர இணையவழிச் சந்திப்பு பல வேளை போதும்.

நாலாம் படி: நாலு பேராவது சேருங்கள்

எனக்கு வேலை கிடைக்க மிகவும் உதவியது எங்கள் சனிக்கிழமைக் கூட்டம்தான். கிளிநொச்சியில் ஒருவர் வீட்டு விறாந்தை. ஐந்து பேர். ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ், ஒருவர் கல்வியியல், இருவர் சமூகவியல். வந்ததும் முக்கால் மணி நேரம் பேச்சில்லாமல் எழுதுவோம். பிறகு ஒருவர் ஒரு பக்கம் வாசிப்பார், மற்றவர்கள் எங்கே விளங்கவில்லை என்று மட்டும் சொல்வார்கள். கடைசி அரை மணி நேரம் வேலைக்கு: யார் எந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள், யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு என்ன பதில் வந்தது. நேர்முகத்துக்குப் போகிறவரை மற்ற நாலு பேரும் சபையாக இருந்து கேள்வி கேட்போம். முதல் தரம் நான் என் ஆய்வைச் சொல்ல எடுத்த நேரம் பதினெட்டு நிமிடம். ஐந்தாம் தரம் மூன்று நிமிடத்தில் சொன்னேன்.

பெண்களுக்கு இது இன்னும் தேவை. இரவில் தனியாக பஸ் ஏறுவது, வீட்டில் "இன்னும் என்ன படிப்பு?" என்ற கேள்வி, களவேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்பதெல்லாம் ஆய்வு முறையியல் புத்தகத்தில் வராது. என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது கூட்டத்தை என் வீட்டுக்கே மாற்றினார்கள். இல்லாவிட்டால் நான் அந்த வருடம் நின்றிருப்பேன். ஆள் சேர்க்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் சூமிலோ வட்சப் அழைப்பிலோ செய்யுங்கள், ஆனால் நாளும் நேரமும் மாறாமல் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஒரு அத்தியாயத்தில் இருந்து ஒரு கட்டுரை

ஆய்வேடு முடியும்போது வெளிவந்த கட்டுரை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ஒன்று போதும், ஆனால் நல்ல இடத்தில். அத்தியாயத்தை அப்படியே வெட்டி ஒட்டினால் கட்டுரையாகாது. அதில் இருக்கும் ஒரே ஒரு வாதத்தை எடுத்து அதைச் சுற்றிப் புதிதாக எழுதுங்கள். தேசிய விஞ்ஞான மன்றம் வெளியிடும் இலங்கைச் சமூக விஞ்ஞானச் சஞ்சிகை, பீடங்களின் சஞ்சிகைகள் என்று உள்ளூரில் தொடங்கலாம். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) இலக்கம் இலவசம், பதினாறு இலக்கம் கொண்டது, பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் கட்டுரை உங்களுடையது என்று அது காட்டும்.

போலிச் சஞ்சிகைகளிடம் கவனமாக இருங்கள். மாநாட்டில் கட்டுரைச் சுருக்கம் வெளிவந்த சில நாளில் ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் இன்னும் மாணவர், அவர்களோ "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று எழுதியிருப்பார்கள். கால்நடை மருத்துவத்தில் இருந்து சங்க இலக்கியம் வரை எல்லாம் ஒரே சஞ்சிகையில் வருவதாகச் சொல்வார்கள். மூன்று நாளில் மதிப்பாய்வு முடியும் என்பார்கள். கடைசியில் டொலரில் ஒரு தொகை. எங்கள் குழுவில் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டினார். கட்டுரை வந்தது, நேர்முகத்தில் அதைப் பார்த்த பேராசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். அதனால் எதற்கும் அனுப்பமுன் மூன்றைப் பாருங்கள்: ஆசிரியர் குழுவில் உள்ள பெயர்கள் அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்திலும் இதைக் குறிப்பிடுகின்றனவா, கடந்த இரண்டு இதழ்க் கட்டுரைகளை வாசித்தால் உங்கள் துறைக்காரர் எழுதியவை போல இருக்கின்றனவா, திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விவரக்கொத்தில் (DOAJ) பெயர் இருக்கிறதா. விவரக்கொத்தில் இல்லாத நல்ல சஞ்சிகையும் உண்டு, ஆனால் மூன்றிலும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தமிழிலும் எழுதுங்கள். அது பதவியுயர்வுப் புள்ளிக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம். உங்களிடம் கதை சொன்னவர்கள் வாசிக்கக்கூடிய ஒரே வடிவம் அதுதான்.

ஆறாம் படி: சீவி

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நீளமானது: பட்டங்கள், வெளியீடுகள், மாநாடுகள், கற்பித்த பாடங்கள். மற்ற இடங்களுக்கு இரண்டு பக்கம்: என்ன செய்யத் தெரியும், எங்கே செய்தீர்கள். வித்தியாசத்தை ஒரு வரியில் காட்டுகிறேன்.

முன்பு: "முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய பெண் தலைமைக் குடும்பங்களின் வாழ்வாதார மீட்சி: ஒரு பண்புசார் ஆய்வு, கலாநிதிப் பட்ட ஆய்வேடு."

பிறகு: "முல்லைத்தீவின் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் 18 மாதக் களவேலையைத் திட்டமிட்டு நடத்தினேன், 46 நேர்காணல்களைத் தமிழில் எடுத்து ஆங்கிலத்தில் பகுப்பாய்வு செய்தேன், இரண்டு உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், களச் செலவை ஒதுக்கிய தொகைக்குள் முடித்தேன்."

இரண்டும் ஒரே ஆள், ஒரே வேலை. இரண்டாவதை எழுத உங்களுக்கு வேண்டிய எண்கள் எல்லாம் முதல் படியில் சொன்ன கொப்பியில் இருக்கும். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் முதுதத்துவமாணி (MPhil) 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் அதைக் குறிப்பிட்டால் விளக்கம் கேட்டு வருவது குறையும்.

இன்னொன்று, இது எங்கள் பகுதிக்கே உரிய பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் வேறொன்று. இடப்பெயர்வில் தொலைந்து பிறகு எடுத்த பத்திரங்களில் இது சாதாரணம். புலமைப்பரிசில் கிடைத்த பிறகு திருத்த ஓடினால் விசாவுக்கு நேரம் போதாது. எல்லாவற்றையும் இன்றே மேசையில் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அதற்குமுன் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

ஏழாம் படி: மொழியும் கருவிகளும்

ஆங்கிலத்தில் வாசிப்பீர்கள், எழுதுவீர்கள், பேசத்தான் தயங்குவீர்கள். மூன்று நிமிட அறிமுகத்தை மனப்பாடமாக இல்லாமல் பழக்கமாகச் சொல்லிப் பாருங்கள். சிங்களம் தெரிந்தால் கொழும்பிலும் அரச அலுவலகங்களிலும் கிடைக்கும் வேலைகள் இன்னும் அதிகம். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் தேர்ச்சிப் பரீட்சையை எழுதிச் சான்றிதழ் எடுத்துவையுங்கள். சொட்டேரோ (Zotero) மென்பொருளில் உசாத்துணைகளைச் சேருங்கள், கோபோ (Kobo) என்ற தரவு சேகரிப்புக் கருவியில் ஒரு சிறு கருத்துக்கணிப்பு செய்து பழகுங்கள். இரண்டும் இலவசம்.

எட்டாம் படி: காசும் புலமைப்பரிசிலும்

பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் இருதளத் திட்டம் என்று ஒன்று உண்டு. இங்கே கலாநிதிப் பதிவில் இருப்பவர் ஐக்கிய இராச்சியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 12 மாதம் வரை இருந்து ஆய்வு செய்யலாம். வீட்டை நீண்ட காலம் விட்டிருக்க முடியாதவர்களுக்கு இது பொருந்தும். கொழும்பில் 1952இல் இருந்து இயங்கும் ஃபுல்பிரைட் ஆணைக்குழு, ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), மானிடவியல்காரருக்கு வென்னர் கிரென் மன்றம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராகிவிட்டால் மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானங்களுக்கான உயர்கற்கைகள் தேசிய நிலையத்தின் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். திகதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு கலண்டரில் போன வருடத் திகதியைக் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி போடுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதம் எட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். அவர் எழுதிய கட்டுரை ஒன்றை உண்மையில் வாசித்துவிட்டு, அதில் ஒரு இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் கற்கை விடுமுறை விண்ணப்பத்தை நேரத்தோடு கொடுங்கள். கோப்பு வலயம், மாகாணம் என்று ஏறி இறங்க மாதங்கள் எடுக்கும். கொடுத்த பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் தரவு விற்பனைக்கு இல்லை

முன்பு பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். ஆலோசனை வேலைக்குப் போகும்போது ஒரு கட்டத்தில் கேட்பார்கள்: "உங்களிட்ட ஏற்கனவே நேர்காணல் இருக்குத்தானே, அதையே எங்கட ரிப்போட்டுக்குப் பாவிக்கலாமே?" எனக்கும் அப்படி ஒரு நிறுவனம் கேட்டது. காசு நல்ல காசு, எனக்கு அப்போது வேலையும் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு அம்மா என்னிடம் சொன்னது என் படிப்புக்காக. சம்மதப் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் கைநாட்டு வைக்கமுன், "பிள்ளை, இது உன்ர படிப்புக்கு மட்டும்தானே?" என்று கேட்டும் இருந்தார். ஒலிப்பதிவில் அந்தக் கேள்வி இருக்கிறது. நான் மாட்டேன் என்று சொன்னேன், அந்த வேலை போனது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது, சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சட்டம் வருமுன்னும் அது அந்த அம்மாவின் பேச்சுத்தான்.

மாற்று வழி உண்டு. "பழைய பதிவுகளைத் தர முடியாது. ஆனால் அதே பகுதியில் புதிதாக ஆறு கிழமையில் செய்து தரலாம், புதிய சம்மதத்தோடு" என்று திட்டமும் செலவும் எழுதிக் கொடுங்கள். அடுத்த நிறுவனத்திடம் நான் அப்படித்தான் வேலை எடுத்தேன். ஒப்பந்தத்தில் தரவு யாருடையது, அறிக்கையில் உங்கள் பெயர் வருமா, பிறகு கல்விசார் கட்டுரை எழுதலாமா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

பத்தாம் படி: கடைசி வருடம்

ஒப்படைக்க ஒரு வருடம் இருக்கும்போது மாதத்துக்கு ஒரு விண்ணப்பம் என்று தொடங்குங்கள். கிடைக்காது என்று தெரிந்தாலும் அனுப்புங்கள், எழுதிப் பழகத்தான். ஒப்படைத்ததற்கும் வாய்மொழிப் பரீட்சைக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி வரும். அந்த நேரம்தான் பலர் மனம் சோர்ந்து போகிறார்கள். அதற்கென்று ஒரு சின்ன வேலையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்: ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு பாடத்துக்கு வருகைதரு விரிவுரை, இரண்டாவது கட்டுரை.

வாய்மொழிப் பரீட்சை முடிந்து திருத்தங்களையும் கொடுத்த பிறகு, ஆய்வேட்டைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள். கலைச்சொல் வேண்டாம். ஐம்பது பிரதி எடுத்துக் களத்துக்குப் போங்கள். ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, மற்றவை உங்களிடம் பேசியவர்களுக்கு. நான் போனபோது அந்த அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முற்றத்துப் பலாமரத்தின் கீழ் இருந்து நாலு பக்கத்தையும் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, "அது தை மாதம் இல்லைப் பிள்ளை, மாசி" என்று திருத்தினார். அடுத்த கிழமை கட்டுரையிலும் அதை மாற்றினேன்.